பழைய மின்சார டிராக்டரின் வயரிங், மோட்டார் பழுதுபார்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1969 முதல் 1970களின் நடுப்பகுதி வரை எலெக்-டிராக் என்ற பெயரில் தோட்ட டிராக்டர்களைத் தயாரித்தது. ஆறு 6 வோல்ட் ஈய-அமில பேட்டரிகளைத் தொடராக இணைத்து 36 வோல்ட்டில் ஓடிய அந்த வண்டிகளில் பல இன்றும் ஓட்டத்தில் உள்ளன. அவற்றையும், அதே முறையில் அமைந்த பிற பழைய டிராக்டர்களையும் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. மல்டிமீட்டரைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது இது.

வண்டி நகரவே இல்லை, அல்லது இழுவை மிகவும் குறைந்துவிட்டது. மோட்டார் எரிந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. இந்த மோட்டார்கள் தாராளமான செம்பும் இரும்பும் போட்டுக் கட்டப்பட்டவை. தண்ணீரில் மூழ்காமலும் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு உராய்ந்தபடி மின்சாரம் கொடுக்கும் கட்டை) தேய்ந்து அடிவரை போகாமலும் இருந்தால் பல பத்தாண்டுகள் உழைக்கும். கெடுவது மோட்டாருக்குப் போகும் வழிதான். பேட்டரி முனை, லக் (கேபிளின் நுனியில் பொருத்தும் உலோக வளையம்), ஃபியூஸ் பிடிப்பான், காண்டாக்டரின் (பெரிய மின்னோட்டத்திற்கான மின்காந்த சுவிட்ச்) தொடுமுனை, சாவி சுவிட்ச், இருக்கை சுவிட்ச் என்று மின்சாரம் கடந்து செல்லும் ஒவ்வொரு இணைப்பிலும் துரு, அமிலப் படிவு, தளர்ந்த நட்டு ஆகியவற்றால் சிறிது சிறிதாகத் தடை கூடிக்கொண்டே போகும். அத்தனையும் சேர்ந்த விளைவு, மோட்டார் வலுவிழந்ததைப் போலவே தெரியும். ஆகவே மோட்டாரைக் கழற்றுவது கடைசி வேலை. அளந்து பார்ப்பதே முதல் வேலை. இந்தப் பக்கத்தில் உள்ள எல்லா விடைகளும் இந்த ஒரு வரிசையைச் சார்ந்தே எழுதப்பட்டுள்ளன.

36 வோல்ட் உயிருக்கு ஆபத்தில்லாத மின்னழுத்தம்தானே? எதற்காக இவ்வளவு எச்சரிக்கை?

உலர்ந்த தோலைத் தொட்டால் 36 வோல்ட் பெரும்பாலும் உணரப்படுவதில்லை என்பது உண்மைதான். ஆபத்து மின்னதிர்ச்சியில் இல்லை, குறுக்குச்சுற்றில் இருக்கிறது. பெரிய ஈய-அமில பேட்டரி ஒன்றின் இரு முனைகளுக்கும் இடையே ஒரு ஸ்பேனர் விழுந்தால் ஆயிரம் ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டம் அதன் வழியே பாயக்கூடும். ஸ்பேனர் பழுத்துச் சிவக்கும், உருகிய உலோகம் தெறிக்கும். மோதிரம், கைக்கடிகாரம், உலோகச் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் பேட்டரிப் பெட்டிக்குள் கை விட வேண்டும். ஸ்பேனரின் பிடியை மின்காப்பு டேப்பால் முழுவதும் சுற்றிக்கொள்ளுங்கள்.

சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவருகிறது. காற்றில் அது 4 சதவீதத்தைத் தொட்டாலே தீப்பற்றும் நிலை உருவாகிவிடும். எனவே சார்ஜ் முடிந்த உடனேயே முனைகளைக் கழற்றிப் பொறி உண்டாக்காமல், மூடியைத் திறந்து சிறிது நேரம் காற்றோட்டம் கிடைக்கச் செய்ய வேண்டும்.

முதலில் கழற்ற வேண்டியது வரிசையின் நடுவில், மூன்றாவது பேட்டரிக்கும் நான்காவது பேட்டரிக்கும் இடையே உள்ள இணைப்பு. அதை எடுத்துவிட்டால் தொகுப்பு 18 வோல்ட் கொண்ட இரண்டு துண்டுகளாகப் பிரிந்துவிடும். பிறகு கை தவறினாலும் முழுத் தொகுப்பும் குறுக்குச்சுற்றில் சிக்காது. ஓட்டிப் பார்க்கும் சோதனைகளைத் தவிர, மின்சாரம் இருக்கும் நிலையில் எதைச் சோதித்தாலும் பின்சக்கரங்கள் தரையைத் தொடாதபடி வண்டியை உறுதியான தாங்கிகளில் நிறுத்துங்கள். ஓசையே இல்லாமல் நின்றுகொண்டிருக்கும் மின்சார வண்டி, ஒரு ரிலே (சிறு மின்காந்த சுவிட்ச்) தவறாக இழுத்தவுடன் எந்த முன்னறிவிப்பும் இன்றிப் பாய்ந்துவிடும்.

குறை பேட்டரியிலா, வயரிங்கிலா என்று எப்படிப் பிரித்தறிவது?

சார்ஜ் முடிந்து சில மணி நேரம் ஓய்வில் இருந்த 6 வோல்ட் ஈய-அமில பேட்டரி 6.3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். ஆறும் சேர்ந்து 38 வோல்ட் அளவில் இருக்கும். ஓய்வில் எடுக்கும் அளவை மட்டும் நம்பக் கூடாது. வண்டியை மேட்டில் ஏற்றும்போதோ புல்வெட்டியை ஓட்டும்போதோ ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளந்தால், ஐந்து பேட்டரிகள் 5.8 வோல்ட்டில் நிற்கையில் ஒன்று மட்டும் 4 வோல்ட்டுக்கு இறங்குவது பளிச்சென்று தெரிந்துவிடும். அமிலத்தின் ஒப்படர்த்தி முழுச் சார்ஜில் 1.265 முதல் 1.280 வரை இருக்க வேண்டும். செல்களுக்கு இடையே 0.050க்கு மேல் வேறுபாடு இருந்தால் குறைந்த அளவு காட்டும் செல்லைச் சந்தேகிக்கலாம்.

ஆறு பேட்டரிகளும் சுமையில் ஒன்றுபோல நிற்கின்றன, ஆனாலும் மோட்டார் முனையில் வந்துசேரும் மின்னழுத்தம் அவற்றின் கூட்டுத்தொகையைவிடப் பல வோல்ட் குறைவாக இருக்கிறது என்றால், தேட வேண்டிய இடம் வயரிங்.

மின்னழுத்த வீழ்ச்சியை அளப்பது எப்படி? அது ஏன் அவ்வளவு முக்கியம்?

ஓர் இணைப்பு நல்ல நிலையில் உள்ளதா என்பதைக் கண்ணால் பார்த்தோ, ஓம் அளவில் வைத்து அளந்தோ சொல்ல முடியாது. 0.01 ஓம் தடையைச் சாதாரண மல்டிமீட்டர் காட்டாது; ஆனால் 100 ஆம்பியர் பாயும்போது அதே 0.01 ஓம் 1 வோல்ட்டை விழுங்கி, 100 வாட் வெப்பத்தை அந்த ஒரே இடத்தில் வெளியிடும். பெரிய சால்டரிங் அயர்ன் ஒன்றின் வெப்பம் ஒரு நட்டுக்கு அடியில் இருப்பதற்கு அது சமம். வெப்பத்தால் துரு கூடும், துருவால் தடை கூடும், தடையால் மறுபடியும் வெப்பம் கூடும்.

அளக்கும் முறை எளிது. மல்டிமீட்டரைக் குறைந்த நேர்மின்னழுத்த அளவில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் ஈயத் தண்டின் மீதே வையுங்கள். மற்றதை அதில் பொருத்திய லக்கின் செம்பின் மீது வையுங்கள். பிறகு வண்டிக்குச் சுமை கொடுக்க வேண்டும். சக்கரம் அந்தரத்தில் சுழலும்போது மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் எந்தக் குறையும் வெளிப்படாது. நீளமான சோதனைக் கம்பிகளை டேப் போட்டு உறுதியாகப் பொருத்திக்கொண்டு, மீட்டரை ஓட்டுநரின் பார்வையில் வைத்து, திறந்த வெளியில் மெதுவாக மேடு ஏறுவதே சரியான சோதனை. கிளாம்ப் மீட்டர் இருந்தால் அதே நேரத்தில் மின்னோட்டத்தையும் குறித்துக்கொள்ளலாம்; வாங்கும்போது நேர்மின்னோட்டத்தை அளக்கக்கூடியதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

100 ஆம்பியர் அளவில் நல்ல லக் இணைப்பு 20, 30 மில்லிவோல்ட்டுக்குள் அடங்கும். 35 சதுர மி.மீ. செம்புக் கேபிளின் ஒரு மீட்டர் நீளம் ஏறத்தாழ 50 மில்லிவோல்ட் காட்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டும் இடம் எதுவோ அதுதான் குறை. இப்படி ஒவ்வோர் இணைப்பாக நகர்ந்து மோட்டார் முனைவரை போய், திரும்பும் பாதையையும் அதே போல அளந்துவிட்டால், அன்றைய தினமே நோய் எங்கிருக்கிறது என்று எழுதிவைத்துவிடலாம்.

ரிலே முனையில் மீட்டர் 36 வோல்ட் காட்டுகிறது. இருந்தும் ரிலே இழுக்கவில்லை. காயில் போய்விட்டதா?

காயிலை, அதாவது ரிலேயை இழுக்கும் கம்பிச்சுருளை, கழற்றும் முன் டெஸ்ட் லாம்ப் கொண்டு பாருங்கள். டிஜிட்டல் மீட்டர்கள் பலவற்றின் உள்தடை 10 மெகாஓம். ஒரே ஒரு செம்பு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் வயரோ, கரி படிந்த சுவிட்சோ, மீட்டருக்குத் தேவையான அந்த மிக நுண்ணிய மின்னோட்டத்தைத் தாராளமாகக் கொடுத்துவிடும். திரையில் 36 வோல்ட் தெரியும். காயில் கேட்கும் மின்னோட்டத்தை அதே வழி தராது. வரிசையாக இணைத்த மூன்று 12 வோல்ட் சிறு பல்புகளை அங்கே இணைத்துப் பார்த்தால், அவை மங்கும் அல்லது எரியவே எரியாது. இந்த வண்டிகளில் இருக்கை, பிரேக், வேக நெம்புகோல் ஆகியவற்றின் பாதுகாப்புச் சுவிட்சுகள் காயிலுக்குப் போகும் ஒரே வயரில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. சாவியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றையும் தாண்டித் தாண்டி விளக்கை வைத்தால், விளக்கு மங்கும் இடத்திற்கு முந்தைய சுவிட்சில் குறை இருக்கும். பழுதான சுவிட்சை மாற்றுங்கள். குறுக்கே வயர் போட்டு அதை நிரந்தரமாகத் தவிர்த்துவிடுவது, ஓட்டுநர் இல்லாத வண்டி நகர்வதற்கு வழி செய்துவிடும்.

பழைய கேபிள்களை முழுவதும் மாற்ற வேண்டுமா?

பேட்டரிகளுக்கு இடையே உள்ள இணைப்புக் கேபிள்களைத் தயங்காமல் மாற்றிவிடலாம் என்பது என் கருத்து. அமிலம் லக்கின் கழுத்து வழியே உறைக்குள் இறங்கி, இழைகளுக்கு இடையே ஊர்ந்து, வெளியில் எந்த அடையாளமும் காட்டாமல் செம்பைக் கறுப்பாக்கியிருக்கும். முனையிலிருந்து சிறிது தூரத்தில் உறையைச் சீவிப் பாருங்கள். செம்பு பளபளப்பாக இருந்தால் அங்கே வெட்டிப் புதிய லக் போடலாம். கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் கேபிளையே கழித்துவிடுங்கள். கறுத்த செம்பில் எந்த லக்கும் நிற்காது.

புதிய கேபிள் பழையதைவிடக் குறுக்களவில் குறையக் கூடாது. நுண்ணிய இழைகள் பல கொண்ட வெல்டிங் கேபிள் வளைக்க எளிது, அதிர்வைத் தாங்கும். வெள்ளீயம் பூசிய செம்பு லக்கை ஹைட்ராலிக் கிரிம்ப் கருவியால் அறுகோண அழுத்தம் கொடுத்துப் பொருத்தி, உள்ளே பசை உள்ள வெப்பச் சுருங்கு குழாயால் கழுத்தை மூடிவிடுங்கள். சுத்தியலால் அடித்து நசுக்கிய லக் முதல் நாள் நன்றாகத்தான் வேலை செய்யும். இழைகளுக்கு இடையே காற்று இருப்பதால் நாளடைவில் உள்ளேயே துருப்பிடிக்கும். பெரிய கேபிள்களுக்குச் சால்டரிங் வேண்டாம். உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி உறைந்து கேபிளை அந்த இடத்தில் விறைக்கச் செய்வதால், அது முடியும் இடத்தில் அதிர்வால் இழைகள் ஒவ்வொன்றாக முறியும்.

பேட்டரிக்கும் சேஸிஸுக்கும் இடையே மின்னழுத்தம் தெரிகிறது. இது இயல்பா?

கார்களைப் போல இந்த டிராக்டர்களில் எதிர்முனை சேஸிஸோடு இணைக்கப்படுவதில்லை. தொகுப்பு முழுவதும் சேஸிஸிலிருந்து பிரிந்து நிற்க வேண்டும். எனவே நிலையான மின்னழுத்தம் தெரிந்தால் எங்கோ கசிவு இருக்கிறது.

அந்த அளவு, கசியும் இடத்தையும் சேர்த்தே காட்டிவிடும் என்பதுதான் இதில் நன்மை. தொகுப்பின் நேர்முனைக்கும் சேஸிஸுக்கும் இடையே 24 வோல்ட், எதிர்முனைக்கும் சேஸிஸுக்கும் இடையே 12 வோல்ட் என்று வந்தால், கசிவு எதிர்முனையிலிருந்து எண்ணும்போது இரண்டாவது பேட்டரிக்கும் மூன்றாவது பேட்டரிக்கும் நடுவில் உள்ளது. பெரும்பாலும் அங்கே பேட்டரியின் மேல் அமிலம் கலந்த ஈரத் தூசி படிந்து, தட்டின் இரும்புவரை பாதை போட்டிருக்கும். செல் மூடிகளை இறுக்கிவிட்டு, சமையல் சோடா கரைத்த நீரால் நுரை அடங்கும்வரை கழுவி, பிறகு தெளிந்த நீரால் அலசிக் காயவிடுங்கள். சோடா நீர் ஒரு துளிகூடச் செல்லுக்குள் போகக் கூடாது. கழுவிய பிறகும் கசிவு நீடித்தால், கூர்மையான தகட்டு விளிம்பில் உராய்ந்து உறை கிழிந்த வயரையும், மோட்டாருக்குள் சேர்ந்த கார்பன் தூளையும் தேட வேண்டும்.

எந்த ஃபியூஸ் போடலாம்?

நேர்மின்னோட்டத்திற்கு என்று மதிப்பு அச்சிடப்பட்டதை மட்டும். வீட்டு மாறுமின்னோட்டம் 50 ஹெர்ட்ஸில் நொடிக்கு 100 முறை பூச்சியத்தைத் தொடுவதால் பொறி தானே அணைகிறது. நேர்மின்னோட்டத்தில் அந்த உதவி கிடையாது. முதன்மை ஃபியூஸைப் பேட்டரித் தொகுப்புக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வையுங்கள்.

காண்டாக்டரின் தொடுமுனைகள் கறுத்துள்ளன. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டாம். தொடுமுனைகளின் முகத்தில் இருப்பது வெள்ளிக் கலவை. அதன் மேல் படியும் கறுப்பு பெரும்பாலும் மின்சாரத்தைக் கடத்தக்கூடியதே. தேய்ப்பதால் கறுப்போடு விலையுயர்ந்த வெள்ளியும் போய்விடும். சுமையில் தொடுமுனைகளுக்குக் குறுக்கே 100 மில்லிவோல்ட்டுக்குக் குறைவாக இருந்தால், பார்வைக்கு எப்படி இருந்தாலும் அவற்றை விட்டுவிடுங்கள். ஆழமான குழி, ஒரு பக்கத்தில் மட்டும் உருகி மலைபோல எழுந்த பகுதி, வெள்ளி தீர்ந்து அடியில் உள்ள செம்பு தெரிவது ஆகிய மூன்றும் மாற்ற வேண்டியதற்கான அடையாளங்கள். மாற்றும்போது நிலையான முனையையும் அசையும் முனையையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

காயில் மின்சாரம் நிற்கும் நொடியில் அதன் காந்தப்புலம் சரிந்து, சில நூறு வோல்ட் அளவுக்குப் பின்னடியாக ஓர் உதை வரும். அதை அடக்கக் காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு இருக்க வேண்டும். பட்டை வரைந்த முனை நேர்ப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும். பழைய வண்டிகளில் இந்த டயோடு முறிந்திருப்பதால்தான் சாவி சுவிட்சும் சிறு ரிலேக்களும் அடிக்கடி கரிகின்றன. டயோடைத் தலைகீழாகப் பொருத்திவிட்டால் காயிலுக்குப் பதில் டயோடு வழியே நேர்க் குறுக்குச்சுற்று ஏற்படும்.

காண்டாக்டர் ஒட்டிக்கொண்டால் சாவியைத் திருப்பினாலும் வண்டி நிற்காது. இந்த ஒரு காரணத்திற்காகவே, ஓட்டுநர் உட்கார்ந்தபடி கையால் இழுத்துத் தொகுப்பைத் துண்டிக்கக்கூடிய ஒரு பெரிய பிளக் அல்லது சுவிட்ச் எல்லாப் பழைய வண்டியிலும் இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். மற்ற மேம்பாடுகள் எல்லாம் அதற்குப் பிறகு.

வேகக் கட்டுப்பாடு எப்படி இயங்குகிறது? ஃபீல்ட் வயர் கழன்றால் என்ன ஆகும்?

பலரும் கவனிக்காமல் விடுவதும், தவறினால் மிகுந்த சேதம் தருவதும் இந்தப் பகுதிதான். நிற்கும் மோட்டாரின் ஆர்மேச்சர் (சுழலும் பகுதியின் கம்பிச்சுற்று) தடை 0.05 ஓம் என்று வைத்துக்கொண்டால், 36 வோல்ட்டை நேராகக் கொடுத்தவுடன் 720 ஆம்பியர் பாய முயலும். அதனால் புறப்படும்போது ஆர்மேச்சருக்கு வரிசையில் ரெசிஸ்டர்கள் சேர்க்கப்படுகின்றன. மோட்டார் சுழலத் தொடங்கியதும் அதுவே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி மின்னோட்டத்தைக் குறைத்துவிடுகிறது. பிறகு காண்டாக்டர்கள் ரெசிஸ்டர்களை விலக்கிவிடுகின்றன. அதற்கு மேல் வேகம் வேண்டுமானால் ஃபீல்ட் காயிலின் (மோட்டாருக்குள் காந்தப்புலத்தை உண்டாக்கும் நிலையான சுற்று) மின்னோட்டத்தைக் குறைக்கிறார்கள். புலம் வலுவிழந்தால் அதே எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்க மோட்டார் கூடுதல் வேகத்தில் சுழன்றாக வேண்டும். திருப்புவிசை அதற்கேற்பக் குறையும்.

ஃபீல்ட் வயர் முற்றிலும் கழன்றுவிட்டால் எஞ்சியிருக்கும் சிறிதளவு காந்தத்தோடு ஆர்மேச்சர் தனியே நிற்கும். சுமை இல்லாமல் இருந்தால் கட்டுமீறிச் சுழன்று கம்யூட்டேட்டர் (பிரஷ் உராயும் செம்பு உருளை) பட்டைகளையே வீசியெறியக்கூடும். சுமையோடு இருந்தால் பெரும் மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு நகராமல் எரியும். ஃபீல்டில் மின்சாரம் இருந்தால் மட்டுமே ஆர்மேச்சர் காண்டாக்டரை இழுக்க விடும் ரிலே சில வண்டிகளில் உண்டு. அது சரியாக வேலை செய்கிறதா என்று உறுதிசெய்த பிறகே மோட்டாரைச் சோதிக்க வேண்டும். ஃபீல்ட் முனைகளில் ஃபியூஸோ தளர்வான சொருகு இணைப்போ வைக்கக் கூடாது.

மோட்டாரைக் கழற்றும்போது எதையெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும்?

வயர்களின் நிறத்தை நம்ப வேண்டாம். முந்தைய உரிமையாளர்கள் மாற்றியிருப்பார்கள். ஒவ்வொரு வயருக்கும் முனைக்கும் அட்டை கட்டி, பல கோணங்களில் படமெடுத்து வையுங்கள். வழக்கமாக ஏ1, ஏ2 என்பவை ஆர்மேச்சர், எஃப்1, எஃப்2 என்பவை ஷண்ட் ஃபீல்ட் (ஆர்மேச்சருக்கு இணையாக உள்ள சுற்று), எஸ்1, எஸ்2 என்பவை சீரிஸ் ஃபீல்ட் (ஆர்மேச்சரோடு தொடராக உள்ள சுற்று). சீரிஸ் ஃபீல்டைத் தலைகீழாக இணைத்துவிட்டால் அது ஷண்ட் ஃபீல்டுக்கு எதிராக வேலை செய்து, சுமை ஏற ஏற மோட்டார் வலுவிழந்து நிலைகெடும்.

முனைத் தண்டில் இரண்டு நட்டுகள் இருக்கும். உள் நட்டு தண்டை மோட்டார் உடலோடு பிடித்துவைக்கிறது. வெளி நட்டு லக்கைப் பிடிக்கிறது. வெளி நட்டைத் திருகும்போது உள் நட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். ஒற்றை ஸ்பேனரால் இறுக்கினால் தண்டு முழுவதும் சுழன்று, உள்ளே அதோடு பற்றவைத்த செம்புப் பட்டையை முறுக்கி முறித்துவிடும். அதை ஒட்டவைக்க மோட்டாரையே பிரித்தாக வேண்டும்.

பிரிக்கும் முன் இரு முனை மூடிகளுக்கும் உடலுக்கும் குறுக்கே கூரான ஊசியால் கோடு கீறிவிடுங்கள். பிரஷ் சட்டம் காந்தப்புலத்தைப் பொறுத்துக் குறிப்பிட்ட கோணத்தில் நிற்க வேண்டும். சில பாகை விலகினாலும் பொறி பறக்கும், முன்னோக்கியும் பின்னோக்கியும் வேகம் மாறுபடும்.

கம்யூட்டேட்டர் பழுப்பாக இருக்கிறது. மெருகேற்ற வேண்டுமா?

ஒரே சீராக சாக்லேட் நிறத்தில் மெல்லிய படலம் படிந்திருந்தால் அதைத் தொடவே கூடாது. பிரஷும் செம்பும் பழகி உண்டான படலம் அது. தேய்மானத்தைக் குறைப்பது அதுதான். பளபளக்கும் செம்பைப் பார்த்து மகிழ்பவர்கள், பிரஷின் ஆயுளைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

கவலைப்பட வேண்டியவை வேறு. அடுத்தடுத்த இரண்டு பட்டைகள் மட்டும் கரிந்திருந்தால், அவற்றோடு இணைந்த ஆர்மேச்சர் சுற்று அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். விரல் நகத்தால் தடவும்போது படி தட்டுப்பட்டால், அல்லது பிரஷ் ஓடிய இடம் பள்ளமாகியிருந்தால், லேத்தில் மிக மெல்லிய வெட்டாகக் கடைந்து வட்டமாக்க வேண்டும். கடைந்த பிறகு பட்டைகளுக்கு இடையே உள்ள மைக்கா செம்புக்குச் சமமாக வந்துவிடும். செம்பைவிட மைக்கா மெதுவாகத் தேய்வதால், சில நாளில் அது மேலெழுந்து பிரஷைத் தூக்கியடிக்கும். ஆகவே அகலத்திற்கு ஏற்பத் தீட்டிய ஹாக்ஸா பிளேடால் ஒவ்வொரு இடைவெளியையும் ஏறத்தாழ 0.5 முதல் 0.8 மி.மீ. ஆழத்திற்குச் சுரண்டி, பட்டைகளின் விளிம்பில் எழும் பிசிறை நீக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். அதை விட்டுவிட்டு மோட்டாரை மூடினால் கடைந்த பலன் முழுதும் வீணாகும்.

பிரஷ்களைப் பற்றி எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

குறைந்த மின்னழுத்தமும் மிகுந்த மின்னோட்டமும் உள்ள மோட்டார்களுக்குச் செம்புத் தூள் கலந்த கிராஃபைட் பிரஷ்கள் பொருத்தப்படுகின்றன. வீட்டுத் துளைக்கருவிக்கான கறுப்புக் கார்பனை அளவுக்கு வெட்டிப் போட்டால், அதன் கூடுதல் தடையால் பிரஷும் கம்யூட்டேட்டரும் கொதிக்கும். ஒரே மோட்டாரில் எல்லாப் பிரஷ்களும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் தடை குறைந்தது எல்லாச் சுமையையும் தன் மேல் ஏற்றிக்கொள்ளும்.

புதிய பிரஷின் அடி, கம்யூட்டேட்டரின் வளைவுக்கு அமைய வேண்டும். மெல்லிய உப்புத்தாளைச் சொரசொரப்பான பக்கம் பிரஷைப் பார்க்கும்படி கம்யூட்டேட்டரின் மேல் சுற்றி, சுழலும் திசையில் இழுங்கள். எமரித் தாள் வேண்டாம்; அதன் துகள்கள் செம்பில் பதிந்து பிரஷை அரித்துக்கொண்டே இருக்கும். முடிந்ததும் தூளை வேக்கம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். ஊதினால் அது சுற்றுகளுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பிரஷ் பிடிப்பானில் தடையின்றி ஏறி இறங்குகிறதா, ஸ்பிரிங் நிறம் மாறி வலுவிழந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

சுற்றுகள் நல்ல நிலையில் உள்ளன என்பதை எப்படி உறுதிசெய்வது?

மின்னணுப் பகுதிகள் அனைத்தையும் பிரித்துவிட்டு, 250 வோல்ட் மெக்கரால் (மின்காப்புத் தடையை அளக்கும் கருவி) ஆர்மேச்சருக்கும் உடலுக்கும், ஃபீல்டுக்கும் உடலுக்கும் இடையே அளக்க வேண்டும். 1 மெகாஓமுக்கு மேல் இருந்தால் வண்டியை ஓட்டலாம். குறைவாக இருந்தால் அவசரப்பட்டு மறுசுற்றுக்குக் கொடுத்துவிடாதீர்கள். கார்பன் தூளை நீக்கி, 70 பாகை செல்சியஸ் அளவில் பல மணி நேரம் உலர்த்தினாலே அளவு பல மடங்கு ஏறிவிடுவது உண்டு.

ஆர்மேச்சருக்குள் அறுந்த சுற்றோ குறுக்குச்சுற்றோ இருக்கிறதா என்று பார்க்க, சில ஆம்பியர் நேர்மின்னோட்டத்தைக் கம்யூட்டேட்டரின் எதிரெதிர்ப் பட்டைகள் வழியே செலுத்தி, அடுத்தடுத்த பட்டைகளுக்கு இடையே மில்லிவோல்ட்டை அளந்துகொண்டே போங்கள். அளவுகள் ஒன்றுபோல வர வேண்டும். திடீரென்று தாழ்ந்தால் குறுக்குச்சுற்று, உயர்ந்தால் அறுந்த அல்லது தளர்ந்த இணைப்பு.

பேரிங், புல்லி, ஆயில் சீல்?

பேரிங்கின் எண் அதன் பக்கத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். இரு பக்கமும் ரப்பர் மூடிய வகையை வாங்குங்கள். தண்டில் ஏற்றும்போது உள் வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். வெளி வளையத்தைத் தட்டி ஏற்றினால் குண்டுகள் தடத்தில் பள்ளம் பதித்து, ஓடத் தொடங்கிய நாளே இரைச்சல் கேட்கும். புல்லியை நெம்புகோலால் நெம்பினால் மோட்டாரின் மூடி விரிசல் விடும். புல்லர் போட்டு இழுங்கள், புல்லியைத் தண்டோடு பூட்டும் சாவித்துண்டைத் தொலைக்காமல் எடுத்துவையுங்கள். பிரஷ் பகுதியில் எண்ணெய்ப் பசை தெரிந்தால் கியர்ப்பெட்டிப் பக்கத்து ஆயில் சீல் போயிருக்கும். சீலை மாற்றாமல் பிரஷை மட்டும் மாற்றுவது வீண்.

துருப்பிடித்த போல்ட்டுகள் முறிந்துவிட்டால்?

ஊடுருவும் எண்ணெயை இரவு முழுவதும் ஊறவிட்டு, சூடாக்கி, இறுக்குவதுபோலவும் தளர்த்துவதுபோலவும் மாறி மாறிச் சிறிது அசைத்து எடுங்கள். பேட்டரி அருகில் தீ வேண்டாம். அமெரிக்க வண்டிகளில் உள்ளவை அங்குல மரைகள். கிட்டத்தட்டப் பொருந்தும் மெட்ரிக் போல்ட்டை வலிந்து திருகினால் மோட்டார் உடலின் மரை அழிந்துவிடும்.

புல்வெட்டி மோட்டார்களும் இதே வகையா?

இல்லை. அவற்றில் நிலையான காந்தங்கள் உள்ளன. இரு வயர்களையும் மாற்றி இணைத்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும், பிளேடு புல்லை வெட்டாமல் மடக்கும். ஷண்ட் மோட்டாருக்கு ஒட்டுமொத்த மின்முனைகளை மாற்றினாலும் திசை மாறாது என்பதால் இந்த வேறுபாடு பலரைக் குழப்புகிறது. காந்தங்கள் நொறுங்கக்கூடியவை, உடலைச் சுத்தியலால் தட்டக் கூடாது. ஆர்மேச்சரை வெளியே இழுக்கும்போது அது பக்கவாட்டில் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் இரு கைகளாலும் பிடித்து நேராக இழுங்கள்.

ரெசிஸ்டர்களையும் காண்டாக்டர்களையும் நீக்கிவிட்டுப் புதிய மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தலாமா?

பொருத்தலாம், ஆனால் வகை பொருந்த வேண்டும். சீரிஸ் மோட்டாருக்கும் நிலைக்காந்த மோட்டாருக்கும் ஆன கருவிகள் ஃபீல்டைத் தனியே கட்டுப்படுத்தாது. இந்த இழுவை மோட்டாருக்கு, ஆர்மேச்சரையும் ஃபீல்டையும் தனித்தனியே கையாளும் கருவிதான் சரி. கருவிக்குள் பெரிய மின்தேக்கிகள் இருப்பதால், முதன்மைக் காண்டாக்டர் மூடும் முன் ஒரு ரெசிஸ்டர் வழியே அவற்றை நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் தொடுமுனைகள் முதல் சில முறைகளிலேயே பற்றிக்கொள்ளும். முகப்பு விளக்குக்காக இரண்டு பேட்டரிகளிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பதையும் தவிர்க்க வேண்டும். அந்த இரண்டும் மற்றவற்றைவிட முன்பே வடிந்து, சீக்கிரம் சாகும். 36 வோல்ட்டையும் ஏற்று 12 வோல்ட் தரும் மாற்றி ஒன்றை வையுங்கள்.

பழைய சார்ஜரைத் திறந்து பார்க்கலாமா?

மின்இணைப்பை அகற்றிய பிறகும் அதிலுள்ள மின்தேக்கி மின்னூட்டத்தைத் தக்கவைத்திருக்கும்; ரெசிஸ்டர் வழியே வடித்துவிட்டு, மீட்டரால் உறுதிசெய்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் 1979இல் தடைசெய்யப்பட்ட பாலிகுளோரினேட்டட் பைஃபீனைல் என்ற நச்சு எண்ணெய், அதற்கு முன் செய்த மின்தேக்கிகளில் இருக்கக்கூடும். கசியும் மின்தேக்கியை வெறுங்கையால் தொடாமல், ஆபத்தான கழிவாகக் கருதி ஒப்படைக்க வேண்டும்.

லித்தியம் பேட்டரிக்கு மாறினால்?

12 லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் 38.4 வோல்ட் தருவதால் மின்னழுத்தம் நன்றாகப் பொருந்தும். செல்களைக் காக்கும் மேலாண்மைக் கருவியும், அதற்கென்றே ஆன சார்ஜரும் கட்டாயம். 6 வோல்ட் ஈய பேட்டரி ஒன்று ஏறத்தாழ 28 கிலோ. ஆறையும் எடுத்துவிட்டால் பின்சக்கரப் பிடிப்பு குறையும் என்பதால், உழவுக்கும் பனி தள்ளுவதற்கும் வண்டியைப் பயன்படுத்துபவர்கள் அந்த எடையை வேறு வழியில் ஈடுகட்ட வேண்டும்.

எல்லாம் பூட்டிய பிறகு முதல் முறை எப்படி இயக்குவது?

சக்கரங்களை உயர்த்திய நிலையில், முதலில் ஃபீல்ட் காயிலுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து அதில் மின்னோட்டம் பாய்வதைக் கிளாம்ப் மீட்டரில் பாருங்கள். பிறகு ஒரே ஒரு 6 வோல்ட் பேட்டரியை ஃபியூஸ் வழியே ஆர்மேச்சருக்கு இணைத்தால் மோட்டார் அமைதியாகவும் மெதுவாகவும் சுழல வேண்டும். பிரஷுக்கு அடியில் பொறி தெரிந்தாலோ இரைச்சல் கேட்டாலோ அங்கேயே நிறுத்திவிடலாம். அதன் பின்னர் முழுத் தொகுப்பை இணைத்து, வேக நெம்புகோலின் ஒவ்வொரு நிலையையும் கடந்து, கைத் துண்டிப்பானை இழுத்தால் வண்டி நிற்கிறதா என்று சோதித்துவிட்டுத் தரையில் இறக்குங்கள். புதிய பிரஷ்கள் முழுவதும் பழகும்வரை சில மணி நேரம் இலேசான சுமையே போதும். முதல் ஒரு மணி நேர ஓட்டம் முடிந்ததும் தொகுப்பைத் துண்டித்துவிட்டு, சூடு இருக்கும்போதே ஒவ்வொரு லக்கையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். மற்றவற்றைவிடச் சூடான லக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் இறுக்க வேண்டும். ஈயத் தண்டுகள் மென்மையானவை என்பதால் ஆறிய பிறகு எல்லாப் பேட்டரி முனைகளையும் இன்னொரு முறை இறுக்கம் பார்த்துவிடுங்கள்.